புனே பாலங்களும் நடந்து போகிறவர்களும்

புனேயில் குடியிருக்கும் நம்மவர்களுக்குப் பாலம் என்பது தினசரி சமாச்சாரம். கடக்வாஸ்லா பக்கமிருந்து முட்டா ஆறு வருகிறது. அவுந்த், கட்கி வழியாக முளா ஆறு வருகிறது. இரண்டும் சங்கம் என்கிற இடத்தில் கலந்து, முளா-முட்டா என்ற பெயரோடு பண்ட் கார்டனைத் தொட்டு, கிழக்கே போய் பீமாவில் சேர்கின்றன. பீமா கிருஷ்ணையில் விழுகிறது. பழைய ஊர் முட்டாவின் வலது கரையில் உட்கார்ந்திருக்கிறது. கஸ்பா பேட், சனிவார் பேட், நாராயண் பேட், ரவிவார் பேட் என்று எத்தனை பேட் இருக்கிறதோ அத்தனையும் நம்ம பேட்டைதான். சிந்தாதிரிப்பேட்டை, ராணிப்பேட்டை என்கிறோமே, அதே சொல். இடது கரையில் பாம்புர்டா என்ற சிறு கிராமம் இருந்தது. அதைத்தான் இன்று சிவாஜிநகர் என்கிறோம். ஆக, ஊருக்கும் ஊரின் வளர்ச்சிக்கும் நடுவே எப்போதும் ஓர் ஆறு குறுக்கே ஓடியது. அதைத் தாண்டாமல் இந்த ஊர்ச் சரித்திரத்தில் எதுவுமே நடக்கவில்லை.

நான் 1981-இல் இங்கே வந்தவன். வியாபார நிமித்தமாக நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பாலங்களில் நடந்தும், சைக்கிளிலும், பஸ்ஸிலும், பிறகு சொந்த வண்டியிலும் போய்வந்திருக்கிறேன். கல்லூரி வாசல் மிதித்தவன் அல்ல. கிடைத்த நூல்களைப் படித்து, இடத்தைப் போய்ப் பார்த்து, பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இம்மலரில் எழுதுகிறேன். என் கேள்வி சாதாரணமானது: பாலத்தை யாருக்காகக் கட்டினார்கள்? கட்டிய பிறகு அதில் யாருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது?

முதலில் லக்டி புல். லக்டி என்றால் மரம். புல் என்றால் பாலம், பாரசீகத்திலிருந்து வந்த சொல். பெயர் மரப்பாலம், இன்று பார்த்தால் கல்லும் கான்கிரீட்டுமாக இருக்கிறது. இதைப் பற்றிப் புனேக்காரர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் செய்தி மனசைப் பிசையக்கூடியது. 1761 ஜனவரி 14-ஆம் தேதி மூன்றாம் பானிபட் போரில் மராட்டியப் படை அழிந்தது. எஞ்சியவர்கள் பல நூறு மைல் கடந்து ஊர் திரும்பினார்கள். தோற்றுத் திரும்புகிறவர்கள் ஊரார் கண் முன்னால் வழக்கமான வழியாக நகரத்துக்குள் நுழையக் கூசினார்களாம். அவர்களுக்காகப் பேஷ்வா நானாசாகேப் அவசர அவசரமாக மரத்தால் ஒரு பாலம் போடச் சொன்னார் என்பது ஊர் வழக்கு. அந்தப் போரில் அவருடைய மூத்த மகன் விஸ்வாஸ்ராவும் மாண்டுபோனார். அவ்வருஷம் ஜூன் மாதம் பார்வதி மலையில் நானாசாகேபும் கண்ணை மூடினார்.

கதை முழுக்க உண்மையா என்று வாதாடுவதற்கு நான் வரவில்லை. ஊர் நினைவு அந்தப் பாலத்தை எப்படி வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். பல்லக்குக்காகவோ யானைக்காகவோ போட்ட பாலம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கால் ஓய்ந்து நடந்து வந்தவர்களுக்காகப் போட்டது என்றுதான் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த மரப்பாலம் கல்பாலமாக மாறியது. 1961 வெள்ளத்தில் அதுவும் சேதமாகி, பின்னர் செப்பனிடப்பட்டு, சத்ரபதி சம்பாஜி பாலம் என்று பெயர் பெற்றது. ஆட்டோக்காரரிடம் சம்பாஜி பாலம் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு விநாடி யோசிப்பார். லக்டி புல் என்றால் உடனே மீட்டரைப் போடுவார்.

வருஷத்தில் ஒரு நாள் அந்தப் பாலம் முழுவதும் நடக்கிறவர்களுக்கே சொந்தம். ஆனி மாதவாக்கில் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும், தேஹூவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரம் நோக்கிப் புறப்பட்டுப் புனேக்குள் வருகின்றன. லட்சக்கணக்கான வார்க்கரிகள் தாளம் தட்டிக்கொண்டு, துளசிச் செடியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஃபெர்குசன் கல்லூரிச் சாலை வழியாக வந்து லக்டி புல்லைக் கடந்து லட்சுமி சாலைக்குள் இறங்குவார்கள். அன்றைக்குக் கார், பஸ் எல்லாம் ஒதுங்கி நிற்கும். நம்ம ஊர்ப் பழனி பாதயாத்திரை பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மற்ற நாட்களில் அதே பாலத்தில் ஓரமாக நடக்கிற ஒருவருக்கு என்ன மரியாதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கொஞ்சம் எங்கள் சமயத்துப் பேச்சுக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். சமணத்தில் இருபத்து நால்வரைத் தீர்த்தங்கரர் என்கிறோம். தீர்த்தம் என்றவுடன் நமக்குக் கோயில் தீர்த்தம் ஞாபகம் வருகிறது. அந்தச் சொல்லின் பழைய பொருள், ஆற்றைக் கடக்கத் தக்க இடம். தமிழில் துறை என்கிறோமே, அதுதான். தீர்த்தங்கரர் என்றால் கடக்கும் துறையை உண்டாக்கித் தந்தவர். பிறவி ஆற்றைக் கடக்கத் துறை அமைத்தவர் என்பது சமயப் பொருள். ஆனால் அந்த உவமை எங்கிருந்து வந்தது? மழைக்காலத்தில் ஆற்றங்கரையில் வந்து நின்று, அக்கரைக்கு எப்படிப் போவது என்று திகைத்த மனுஷரிடமிருந்துதான் வந்தது. ஆசாராங்க சூத்திரத்தில் துறவிகள் ஓடத்தில் ஏறிக் கடக்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரிவாகவே விதிகள் உள்ளன. வண்டி ஏறக் கூடாது, நடந்தே போக வேண்டும் என்ற விரதம் உள்ளவர்களுக்கு ஆறு எவ்வளவு பெரிய தடை என்பது அதைப் படித்தால் விளங்கும்.

கடக்க உதவுவது புண்ணியம் என்கிற எண்ணம் வணிகர்களிடம் ஆழமாக வேரூன்றி இருந்தது. தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் கூட்டத்தார் கொடை கொடுத்த செய்தி இருக்கிறது. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகன், கொழு வணிகன் என்று கொடையாளிகளின் தொழிலோடு பெயர் வெட்டியிருக்கிறார்கள். கொழு என்றால் ஏர்க்கொழு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இரும்பு வியாபாரம் பண்ணினவர், துறவிகள் தங்குவதற்குக் கல்லில் படுக்கை வெட்டக் காசு கொடுத்திருக்கிறார். அந்த வழக்கம் பின்னாளில் சத்திரம், சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல் என்று தொடர்ந்து, ஆங்கிலேயர் காலத்தில் பாலமாகவும் வந்தது.

இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று நம்ம திருநெல்வேலி. தாமிரபரணியைக் கடந்து பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் போய்வர ஓடம்தான் கதி என்றிருந்த காலம். கலெக்டர் தாம்சன் பாலம் கட்ட முயன்றபோது, கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். மனைவியின் நகையும் அதில் சேர்ந்தது என்று நெல்லையில் சொல்வார்கள். 1843-இல் பாலம் திறந்தது. பதினோரு வளைவு, செலவு ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இன்னொன்று பம்பாய். மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே சதுப்புக் கழி. படகு கவிழ்ந்து உயிர்ச்சேதம் ஆவது சகஜம். பார்சி வணிகர் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய் அம்மையார் 1,57,000 ரூபாய் கொடுத்தார். ஒரு நிபந்தனை போட்டார்: போகிறவர் வருகிறவரிடம் சுங்கம் வசூலிக்கக் கூடாது. 1845-இல் அந்த மாஹிம் கரைப்பாலம் திறந்தது. நெல்லையில் ஒரு முதலியார், பம்பாயில் ஒரு பார்சி அம்மையார். இரண்டு வருஷ இடைவெளி. இருவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டார்கள்.

ஜம்ஷெட்ஜிக்கும் புனேக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஏரவாடா அருகில் ஆற்றின் குறுக்கே தண்ணீருக்காக ஓர் அணை எழுந்தது. அதற்குப் பெரும்பொருள் கொடுத்தவர் அவரே. அணைக்கு இங்கிலீஷில் பண்ட். பக்கத்தில் போட்ட தோட்டம் பண்ட் கார்டன். டெக்கான் கல்லூரி 1868-இல் ஆற்றின் வடகரையில் ஏரவாடாவில் புதுக் கட்டடத்துக்குப் போனபோதும் அவர் கொடை அதில் இருந்தது.

இப்போது இந்தக் கட்டுரையின் நாயகனுக்கு வருகிறேன். பண்ட் கார்டனிலிருந்து ஏரவாடாவுக்குப் போக 1867-இல் எழுந்த பாலம் ஃபிட்ஸ்ஜெரால்ட் பாலம். அப்போது பம்பாய் கவர்னராக வந்திருந்த சர் சீமோர் ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயர் அது. வரைபடம் போட்டவர் ராயல் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் செல்லன். செலவு இரண்டரை லட்சம் ரூபாய். நூல்கள் இதைப் புனேயின் முதல் ஸ்பாண்ட்ரல் வளைவுப் பாலம் என்கின்றன. அதாவது வரிசையாகக் கல் வளைவுகளைக் கட்டி, வளைவுக்கு வளைவு நடுவே உள்ள முக்கோண இடத்தை நிரப்பி, அதன் முதுகின் மேல் உயரத்தில் சாலையை ஓட்டுவது. பாலத்தின் இரு முனையிலும் இரண்டிரண்டு சிங்கங்கள். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் இருக்கிற மெடிசி சிங்கங்களின் மாதிரி, முன்னங்காலுக்குக் கீழே ஒரு உருண்டை இருக்கும். மகாபலிபுரத்துச் சிங்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் சோம்பேறிச் சிங்கமாகத் தெரியும். ஆனாலும் அழகுதான்.

பாலம் கட்டியவர்கள் தனியாக நடைபாதைக்கென்று பெரிதாக மெனக்கெடவில்லை. அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. அன்று அதன் மேல் போனது மாட்டுவண்டி, டாங்கா, குதிரை, தலைச்சுமைக்காரர். மாட்டுவண்டியின் வேகமும் மனுஷன் நடக்கிற வேகமும் ஏறக்குறைய ஒன்று. சேர்ந்து போனால் யாருக்கும் ஆபத்து இல்லை. வேகம் பிரிந்த பிறகுதான் பாதை பிரிய வேண்டிய அவசியம் வந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதில் புரியும்.

நகரிலிருந்து ஏரவாடா சிறைக்குப் போகிற வழியில் நிற்பது இந்தப் பாலம். காந்தியடிகள் 1922 முதல் பல தடவை அந்தச் சிறையில் இருந்தார். 1932 செப்டம்பர் 20-ஆம் தேதி அங்கே உண்ணாவிரதம் தொடங்கினார். நாலு நாள் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. டாக்டர் அம்பேத்கர், மாளவியா, சாப்ரு ஆகியோரோடு நம்மவர்களான இராஜாஜி, இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோரும் கையெழுத்திட்டார்கள். புனேயில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று பெயரையாவது சொல்லிக் கொடுக்க வேண்டும். அதே சாலையில் இன்னும் சற்றுத் தொலைவு போனால் 1892-இல் கட்டிய ஆகா கான் மாளிகை. 1942-இல் அடிகளைக் கொண்டுவந்து அடைத்த இடம். அந்த ஆகஸ்டு 15-ஆம் தேதி மகாதேவ தேசாயும், 1944 பிப்ரவரி 22-ஆம் தேதி கஸ்தூரிபா அம்மையாரும் அங்கே உயிர் நீத்தார்கள். இருவர் சமாதியும் அங்கேதான்.

பாலத்துக்கு உண்மையான சோதனை வந்தது 1961 ஜூலை 12-ஆம் தேதி. கட்டிமுடியாத பான்ஷெட் அணை அன்று காலை உடைந்தது. முந்தின இரவு முழுக்க ராணுவ வீரர்கள் மணல் மூட்டை அடுக்கி அதைத் தாங்கிப் பிடித்தார்கள். அவர்கள் அப்படிச் செய்திராவிட்டால் ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்திருக்கும். பான்ஷெட் தண்ணீர் கீழே பாய்ந்து பழைய கடக்வாஸ்லா அணையையும் உடைத்தது. பேட்டைகளின் ஆற்றோரத் தெருக்கள் மூழ்கின. நகரத்தின் பாலங்கள் எல்லாம் தண்ணீருக்குக் கீழே போக, பண்ட் கார்டன் பாலம் மட்டும் தலைக்கு மேல் நின்றது. எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடைப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "அக்கரையில் என் அக்கா இருக்கிறாளா இல்லையான்னு தெரிய ரெண்டு நாள் ஆச்சு." பாலம் போனால் என்ன போகிறது என்பதை அவர் அளவுக்கு எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்தது சைக்கிள். புனேயை ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று அழைத்தார்கள். நாடு முழுக்க அந்தப் பெயர் பிரசித்தம். ஊர் பெரும்பாலும் சமதளம், வெயில் நம்ம வேலூர் மாதிரி கொளுத்தாது, தூரமும் அதிகமில்லை. கட்கியில் 1869 முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. 1954-இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள். கட்கி, போபோடி, தேஹூ ரோடு பக்கத்தில் பட்டாளத்தோடும் தொழிற்சாலையோடும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களில் பலருக்கு முதல் சொத்து ஒரு சைக்கிள். நான் வந்த புதிதில் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் தாபோடி ஹாரிஸ் பாலத்தில் சைக்கிள் வெள்ளம் பார்த்திருக்கிறேன். கேரியரில் டிபன் பாக்ஸ், ஹேண்டிலில் காய்கறிப் பை. பாலத்தின் அகலம் முழுக்க அவர்கள்தான் இருப்பார்கள். லாரிக்காரர் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே பொறுமையாக வருவார்.

அந்த சைக்கிள் எங்கே போயிற்று? காரணத்தை வெளியே தேட வேண்டாம், புனேயிலேயே இருக்கிறது. ஆகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர் தயாரானது. 1972-இல் பஜாஜ் சேத்தக் வந்தது. அதே வருஷம் கைனடிக் நிறுவனம் லூனா மொபெட்டைக் கொண்டுவந்தது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கல்யாணப் பேச்சில்கூட "பையன் பேரில் சேத்தக் புக் பண்ணியிருக்கு" என்று சொல்வார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் காத்திருப்பும் ஒழிந்தது, வங்கிக் கடனும் சுலபமானது. சைக்கிள்காரர் ஒவ்வொருவராக மோட்டாருக்கு மாறினார். 2018-இல் புனேயில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை ஜனத்தொகையைத் தாண்டிவிட்டது என்று செய்தித்தாள்களில் வந்தது நினைவிருக்கலாம். ஊருக்குச் சோறு போட்ட தொழிலே ஊர் சைக்கிளை ஒழித்தது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் ஒரு சேத்தக் வைத்திருந்தவன்தான், நன்றாகவே உழைத்தது.

வண்டி பெருகப் பெருகப் பாலத்தில் பங்கு பிரிப்பு ஆரம்பித்தது. லக்டி புல்லில் நெரிசல் தாங்காமல் பல ஆண்டுகள் இருசக்கர வண்டிக்குத் தடை போட்டார்கள். இருசக்கர வண்டிக்கும் நடக்கிறவர்களுக்கும் என்று பக்கத்திலேயே வளைந்து வளைந்து ஒரு பாலம் கட்டினார்கள். அதன் உருவத்தைப் பார்த்து மக்கள் இசட் பாலம் என்று பெயர் வைத்தார்கள். மாலை வேளையில் அங்கே போனால் வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இளஞ்ஜோடிகள் ஆற்றைப் பார்த்தபடி நிற்பார்கள். கார் வராத பாலம் ஒன்று கிடைத்தால் ஜனங்கள் அதில் நிற்கவும் பேசவும் செய்கிறார்கள், கடந்து ஓடுவதில்லை. பெரியவர்கள் முகத்தைச் சுளித்தாலும் எனக்கு அதில் வருத்தம் இல்லை. இன்னும் சற்றுத் தள்ளி, தண்ணீர் மட்டத்தை ஒட்டினாற்போல் பாபா பிடே பாலம். கடக்வாஸ்லாவில் தண்ணீர் திறந்துவிட்டால் முதலில் மூழ்குவது அதுதான். 1867-இல் செல்லன் சாலையை எவ்வளவு உயரத்தில் வைத்தார் என்பதை அந்த நாளில் போய்ப் பார்த்தால் மதிக்கத் தோன்றும்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்? நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் 1883 மே 24-ஆம் தேதி திறந்தது. அதைத் திட்டமிட்ட ரோப்ளிங், வண்டித் தடத்துக்கு மேலே, நடுவாக, நடப்பவர்களுக்கென்றே உயர்ந்த மேடைப் பாதை வைத்தார். காற்று வாங்கிக்கொண்டு நடக்கட்டும் என்று. முதல் நாளே சுமார் ஒன்றரை லட்சம் பேர் நடந்தார்கள். ஆளுக்கு ஒரு சென்ட் சுங்கம். 1891-இல் நடப்போருக்கு அதையும் எடுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் சைக்கிள்காரரும் அதே மேடையில் ஏற, இருதரப்புக்கும் சண்டை. 2021 செப்டம்பரில் கீழே கார்களுக்கு இருந்த ஒரு தடத்தை எடுத்து சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். நூற்று முப்பத்தெட்டு வருஷம் கழித்துப் பங்கைத் திருத்தி எழுதினார்கள்.

நம்ம நாட்டிலேயே ஹௌரா பாலம் இருக்கிறது. 1943-இல் திறந்தது. சாலை 71 அடி. இரண்டு பக்கமும் நடைபாதை 15 அடி வீதம். யுத்த காலத்தில், இரும்புக்குப் பஞ்சமான நேரத்தில், முப்பது அடியை நடக்கிறவனுக்கு ஒதுக்கினார்கள். கொல்கத்தாவில் ஒரு தடவை அந்தப் பாதையில் போய்ப் பாருங்கள், பதினைந்து அடி போதவில்லை என்பீர்கள். கூடைக்காரர், பூக்காரர், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் என்று ஒரு ஊரே நடக்கிறது.

சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலம் என்று ஒன்று நிற்கிறதே, அதுவும் நடக்கிறவர்களுக்காகக் கட்டியதுதான். மீனவர்கள் சாந்தோமுக்கும் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் போய்வர 1967-இல் கட்டினார்கள். 1977-இல் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவில்லை. சினிமாக்காரர்கள் அதைப் பாட்டுக்குப் பயன்படுத்தியதோடு சரி.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2009 ஜூன் 30-ஆம் தேதி பம்பாயில் பாந்த்ரா-வொர்லி கடற்பாலம் திறந்தது. நடக்கக் கூடாது, சைக்கிள் கூடாது, இருசக்கர வண்டியும் கூடாது, சுங்கம் உண்டு. 2024 ஜனவரி 12-ஆம் தேதி திறந்த அடல் சேது 21.8 கிலோமீட்டர், அங்கேயும் அதே விதி. வேகமாகப் போகும் கடல்வழிச் சாலையில் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த பாந்த்ரா கடற்பாலமும் அவாபாய் அம்மையாரின் மாஹிம் பாலமும் ஒரே விரிகுடாவில், ஒன்றையொன்று பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. வெறுங்காலோடு நடக்கிறவனிடம் காலணா வாங்காதே என்று சொல்லிக் கட்டிய பாலம் ஒன்று. காசு கொடுத்தாலும் நடக்க விடமாட்டோம் என்கிற பாலம் ஒன்று.

வியாபாரி புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் கூட்டமைப்பு ஒரு கணக்குத் தருகிறது. ஏறக்குறைய பத்து அடி அகலத் தடம் ஒன்றில் மணிக்குக் கார்களில் 600 முதல் 1,600 பேர் போகலாம். அதே அகலத்தைச் சைக்கிளுக்குக் கொடுத்தால் 7,500 பேர் வரை, நடப்பவர்களுக்குக் கொடுத்தால் 9,000 பேர் வரை. கடை வாடகையை அடிக் கணக்கில் கொடுக்கிறவனுக்கு இது உடனே உறைக்கும். பாலத்தின் ஒவ்வொரு அடியும் தரையில் போடும் சாலையைவிடப் பல மடங்கு விலை. அந்த விலை உயர்ந்த இடத்தை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறவர்கள் நடக்கிறவர்கள்தான். ஆனாலும் இடம் போதவில்லை என்றதும் முதலில் வெட்டுவது அவர்கள் பாதையைத்தான்! நம் நாட்டுச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது இருக்க வேண்டும். டேப் எடுத்துக்கொண்டு நான் புனேப் பாலங்கள் சிலவற்றில் அளந்திருக்கிறேன். விளக்குக் கம்பம், கேபிள் பெட்டி, உடைந்த மூடி இவற்றைக் கழித்தால் பல இடங்களில் ஒரு ஆள் நேராகப் போவதே சிரமம். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் சாலையில் இறங்க வேண்டியதுதான்.

இந்த அரை அடி, ஓர் அடியெல்லாம் எங்களுக்கு வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. எங்கள் முனிவர்கள், ஆர்யிகைகள் ஊர் விட்டு ஊர் நடந்தே போகிறவர்கள். சாதுர்மாஸ்யம் நாலு மாதம் ஓரிடத்தில் தங்குவது தவிர மற்ற காலம் விகாரம்தான். ஈர்யா சமிதி என்று ஒரு விதி உண்டு: நாலு முழத் தூரம் தரையைப் பார்த்து, எறும்பு புழு மேல் கால் படாமல் நடக்க வேண்டும். கண் தரையில் இருக்கும். பின்னால் வருகிற லாரியைப் பார்க்க முடியாது. நெடுஞ்சாலைகளில் இப்படி நடந்துபோன சாதுக்களும் சாத்விகளும் வண்டி மோதி உயிரிழந்த செய்தி அவ்வப்போது வருகிறது. சில வருஷத்துக்கு முன் திகம்பர முனி சங்கம் ஒன்று ஏரவாடாப் பக்கமிருந்து ஊருக்குள் வந்தபோது நாங்கள் இருபது பேர் கூடப் போனோம். விடியற்காலை. பெரிய பாலத்துக்கு வந்ததும் எங்களில் நாலு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளைப் பின்னால் குறுக்காக நிறுத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக உருட்டினார்கள். முனிவர் ஒரே வேகத்தில், குனிந்த பார்வையோடு, பாலத்தைக் கடந்தார். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. எனக்கு அருகே நடந்த ஒரு வயசான அம்மா, மராத்திக்காரர், ஜைனரும் அல்ல, வீட்டு வேலைக்குப் போகிறவர், "தினமும் இப்படி யாராவது கூட வந்தால் நல்லா இருக்கும்" என்றார். முனிவருக்கு நாலு மோட்டார் சைக்கிள் காவல். அந்த அம்மாவுக்கு யார்?

கொள்கை அளவில் பஞ்சம் இல்லை. 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, வண்டியை நகர்த்துவதைவிட மனுஷரை நகர்த்துவதே நோக்கம் என்றது. அந்த டிசம்பரிலேயே ஸ்வார்கேட் வழியாக காத்ரஜ்-ஹடப்சர் பஸ் தடம் வந்தது, ஓரத்தில் சைக்கிள் பாதையோடு. கொஞ்ச நாளில் அந்தப் பாதையில் வண்டி நிறுத்தம், கையேந்திபவன், கட்டுமான மண் எல்லாம் வந்துவிட்டன. 2017 டிசம்பரில் மாநகராட்சி நகரம் முழுவதற்குமான சைக்கிள் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே சமயத்தில் வாடகை சைக்கிள்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளும் அவுந்திலும் மஞ்சளாகத் திரிந்தன. சில வருஷத்தில் மறைந்தன. என் அபிப்பிராயத்தில், சைக்கிள் பாதை சாலையில் எத்தனை மைல் இருந்தாலும் பாலத்தில் அறுந்தால் பிரயோஜனம் இல்லை. சாலையில் நெருக்கினால் சந்துக்குள் திரும்பிக்கொள்ளலாம். பாலத்தில் சந்து ஏது?

அதனால்தான் பழைய ஃபிட்ஸ்ஜெரால்ட் பாலத்தின் மேல் எனக்கு இவ்வளவு ஆசை. பக்கத்தில் புதுப் பாலம் வந்தபின் பழையதில் வண்டி போக்குவரத்தை நிறுத்தினார்கள். பல காலம் சும்மா கிடந்தது. பிறகு மாநகராட்சி அதைக் கலை மேடையாக, உட்காருமிடமாக மாற்றியது. இடிக்காமல் காப்பாற்றியதற்குக் கை எடுத்துக் கும்பிட வேண்டும். எத்தனையோ ஊரில் இடித்துக் கல்லை விற்றிருப்பார்கள். ஆனால் காட்சிக்கு வைத்த பாலமும் நடக்கிற பாலமும் வேறு. ஏரவாடாவிலிருந்து ஸ்டேஷன் பக்கம் வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கானவர்கள் காலையும் மாலையும் புதுப் பாலத்தின் வண்டிப் புகையில் ஒண்டிக்கொண்டு நடக்கிறார்கள். பக்கத்திலேயே நூற்று ஐம்பது வருஷத்துக்கு மேல் உறுதியாக நிற்கிற ஒரு பாலம், சுங்கமும் இல்லை, லாரியும் இல்லை. இரண்டு முனையிலும் சாலையைப் பத்திரமாகக் கடக்க ஒரு வழி, இரவில் விளக்கு, விடிவதற்கு முன்பே திறந்திருக்கிற வாசல், சைக்கிள் ஏற ஒரு சரிவு. இவ்வளவு இருந்தால் அது மறுபடியும் பாலம் ஆகிவிடும்.

முட்டா ஆற்றில் இன்னொரு நல்ல வேலையும் நடக்கிறது. 2022 மார்ச்சில் ஓட ஆரம்பித்த மெட்ரோ ஆற்றின் இடது கரையை ஒட்டிப் போகிறது. டெக்கான் ஜிம்கானா, சம்பாஜி தோட்டம் என்ற இரு நிலையங்களிலிருந்தும் ஆற்றைக் கடந்து பழைய பேட்டைகளுக்குப் போக, நடப்பவர்களுக்கென்றே பாலங்கள் கட்ட மெட்ரோ நிறுவனம் திட்டம் எடுத்தது. லக்டி புல்லிலிருந்து கூப்பிடு தூரம். நம் சங்கத்தில் அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் போய்ப் பார்த்து, முழங்கால் வலிக்காரர் ஏறும்படி மின்தூக்கி இருக்கிறதா, சைக்கிளை உருட்டிக்கொண்டு போக விடுகிறார்களா என்று எனக்கு எழுதினால், அளவுகளோடு அடுத்த மலரில் தருகிறேன்.